31 ஆண்டு பட்டத்து இளவரசர்

கி.மு. 82ஆம் ஆண்டு. ஹான் பேரரசின் தலைநகரமான சாங்கானில், அரண்மனையின் வடக்கு வாயிலுக்கு ஒரு வண்டி வந்து நின்றது. இழுத்து வந்த கன்று மஞ்சள், மேலே பறந்த கொடி மஞ்சள், உள்ளே இருந்தவரின் அங்கியும் தலைக்கட்டும் மஞ்சள். தான் பட்டத்து இளவரசர் லியூ ஜூ என்றார் அவர். செய்தி பரவி, வேடிக்கை பார்க்கப் பல்லாயிரம் பேர் கூடிவிட்டார்கள். விபரீதம் ஏதும் நடந்துவிடுமோ என்று தளபதி ஒருவர் வாயிலில் படையைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

லியூ ஜூ இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அடையாளம் பார்த்துச் சொல்லும்படி தலைமை அமைச்சர் முதற்கொண்டு மூத்த அதிகாரிகள் எல்லோரையும் அனுப்பினார்கள். போனவர்கள் பார்த்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. 'இவர்தான்' என்று சொன்னால் அரியணையில் இருக்கும் சிறுவனுக்குத் துரோகம். 'இவர் இல்லை' என்று சொல்லி, நாளைக்கு இவரே அரியணை ஏறிவிட்டால் சொன்னவன் தலை இருக்காது. கடைசியில் வந்து சேர்ந்த தலைநகர் ஆட்சியர் சுன் பூயீ, ஆளைக் கட்டிப் போடச் சொன்னார். உண்மையான இளவரசராகவே இருக்கட்டும், தந்தைக்கு எதிராகக் குற்றம் செய்து தப்பியோடியவர்தானே, பிடித்து உள்ளே தள்ள வேண்டியதுதானே என்பது அவர் வாதம். வெய் நாட்டிலிருந்து ஓடிப்போய்த் திரும்பி வந்த குவாய்குய் என்ற பழைய இளவரசரின் கதையை முன்னுதாரணமாகக் காட்டினார். அவையில் இருந்தவர்களுக்குப் பெருமூச்சு வந்தது.

விசாரித்ததில், வந்தவர் செங் ஃபாங்சுய் என்ற குறிசொல்லி. முன்பு இளவரசரிடம் வேலை பார்த்த ஒருவன் குறி கேட்க வந்த இடத்தில், முகம் அப்படியே அவரைப்போல இருக்கிறது என்று சொல்லியிருக்கிறான். அது போதுமானதாக இருந்தது. சந்தையில் வைத்து அவரை இடுப்போடு வெட்டிக் கொன்றார்கள். செத்தவர் திரும்பி வந்தால் நாடே நம்பிவிடும் நிலை ஏன் இருந்தது, விவரம் தெரிந்த அமைச்சர்களே ஏன் உறுதியாக மறுக்க முடியவில்லை என்று கேட்டால், ஒன்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

இந்த விவரங்களில் பெரும்பகுதி பான் கூ கி.பி. முதல் நூற்றாண்டில் தொகுத்த 'ஹான்ஷு' என்ற ஹான் வம்ச வரலாற்றில் கிடைக்கிறது. (வூ பேரரசர் காலம் முதல் காணிக்கை அனுப்பிவந்ததாக அதே நூலின் நிலவியல் பகுதி குறிப்பிடும் ஹுவாங்ஜி என்ற தொலைநாட்டைக் காஞ்சிபுரம் என்று அடையாளம் காணும் ஆய்வாளர்கள் உண்டு.) லியூ ஜூ அந்த வூ பேரரசரின் மூத்த மகன்.

வூ அரியணை ஏறியது கி.மு. 141இல், பதினைந்து வயதில். பல ஆண்டுகள் ஆண் வாரிசு இல்லை. கி.மு. 128இல் வெய் ஸிஃபூ என்ற பெண் மகனைப் பெற்றாள். பேரரசரின் அக்கா வீட்டில் பாட்டுக்காரியாக இருந்தவள் அவள். பிள்ளை பிறந்த கையோடு பேரரசி ஆனாள். மகப்பேறு தெய்வத்துக்குப் புதிதாக ஆலயம் எழும்பியது, அவைப் புலவர்கள் வாழ்த்துப் பாடல் எழுதினார்கள். ஆறு ஆண்டு கழித்து, கி.மு. 122இல், பையனுக்குப் பட்டத்து இளவரசர் என்ற பதவி கொடுக்கப்பட்டது.

பாட்டுக்காரியின் தம்பி வெய் சிங்கும் அவள் அக்காள் மகன் ஹுவோ சூபிங்கும் வடக்கே ஷியோங்னு நாடோடிப் படைகளைத் துரத்தியடித்துப் புகழின் உச்சியில் இருந்தார்கள். தாய்மாமன் தளபதி, தாய் பேரரசி, தந்தை சீனம் அதுவரை கண்ட மிகப் பெரிய பேரரசின் அதிபதி. இதைவிடப் பாதுகாப்பான வாரிசு யாரும் இருந்திருக்க முடியாது என்று அன்று எவரும் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் பட்டத்து இளவரசருக்கு உண்மையில் ஒரே வேலைதான்: காத்திருப்பது. தந்தை நீடூழி வாழ்க என்று தினமும் வாழ்த்த வேண்டும். தந்தை இறந்தால் மட்டுமே பயன்படும் பதவியிலும் இருக்க வேண்டும். வூ 54 ஆண்டுகள் ஆண்டார். லியூ ஜூ 31 ஆண்டுகள் காத்திருந்தார். இந்த வழக்கைச் சூனியத்தின் கதையாகவோ ஒரு தீய அதிகாரியின் கதையாகவோ சொல்வதுதான் வழக்கம். இரண்டும் பொய்யில்லை. என்றாலும், அந்தப் பதவியே ஆளைக் கொல்லக்கூடியது என்பதைச் சேர்க்காவிட்டால் நடந்தது விளங்காது.

மகனுக்கென்று பேரரசர் ஒரு தோட்ட மாளிகை கட்டிக் கொடுத்து, விருப்பப்பட்டவர்களை அங்கே வரவழைத்துப் பேசலாம் என்று விட்டிருந்தார். பலதரப்பட்டவர்களும் அங்கே வந்துபோனார்கள். படிப்பிலும் ஒரு சிறு விலகல் இருந்தது. கன்பூசிய மரபின் 'வசந்தமும் இலையுதிரும்' என்ற நூலுக்கு அரசு ஏற்ற உரை கோங்யாங் உரை. அதை முறையாகப் படித்து முடித்த இளவரசர், தனிப்பட்ட முறையில் குலியாங் உரையைத் தேடிக் கற்றார். பேரரசர் கோங்யாங் பக்கம். அரண்மனையில் இதெல்லாம் கவனிக்கப்படும்.

காலம் ஓடியது. ஹுவோ சூபிங் கி.மு. 117இல், வெய் சிங் 106இல் இறந்தார்கள். பேரரசிக்கு வயதாகிவிட்டது, பேரரசர் வேறு பெண்களை நாடினார். கி.மு. 94இல் இளம் மனைவி ஒருத்திக்கு ஆண் குழந்தை பிறந்தது. பதினான்கு மாதம் வயிற்றில் இருந்த பிள்ளையாம். தொன்மையின் மகா அரசர் யாவ்வும் அப்படித்தான் பிறந்தார் என்று சொல்லி, அவள் மாளிகை வாயிலுக்கு 'யாவ்வின் தாய் வாயில்' என்று பேரரசர் பெயர் வைத்தார். மூத்தவர் உயிரோடு, பதவியோடு இருக்கையில், இரண்டாந்தாரப் பிள்ளையை மாமன்னனின் மறுபிறப்புபோலக் கொண்டாடினால் அரண்மனையில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பிறகு வரலாற்றாசிரியர் ஸுமா குவாங் கேட்டது இதைத்தான். இளவரசரைக் கவிழ்க்கும் எண்ணம் கயவர்களுக்கு அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தபோதே வந்துவிட்டது என்பது அவர் தீர்ப்பு.

ஜியாங் சோங் அப்படிப்பட்டவர்களில் கெட்டிக்காரர். ஜாவ் சிற்றரசின் இளவரசரைப் பற்றிப் புகார் கொடுத்து, அதன் மூலம் பேரரசரின் கண்ணில் பட்டவர். ஆள் வாட்டசாட்டம், உடுப்பில் பகட்டு. பூத்தையல் அங்கி அணிந்த சிறப்பு ஆய்வாளர் பதவி கிடைத்தது. பெரிய மனிதர்களின் விதிமீறல்களைப் பிடிப்பதுதான் வேலை. ஒருமுறை பேரரசருக்கென்றே ஒதுக்கப்பட்ட சாலையில் பட்டத்து இளவரசரின் ஆள் வண்டி ஓட்டி வந்ததைப் பிடித்தார். வண்டியும் குதிரையும் போனால் போகட்டும், ஆட்களைக் கண்டித்து வைக்கவில்லை என்று அப்பா நினைத்துவிடக் கூடாது, கொஞ்சம் விட்டுவிடுங்கள் என்று இளவரசர் ஆள் அனுப்பிக் கேட்டார். ஜியாங் சோங் நேரே போய்ப் பேரரசரிடம் சொல்லிவிட்டார். அதிகாரி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பாராட்டு கிடைத்தது.

அன்றிலிருந்து ஜியாங் சோங்குக்கு ஒரு கணக்குத் தெளிவாகத் தெரிந்தது. கிழவர் இறந்தால், இளவரசர் தன்னை விட்டுவைக்கமாட்டார்.

சூனிய வழக்கு முதலில் வேறு இடத்தில்தான் வெடித்தது. தலைமை அமைச்சர் கொங்சுன் ஹெ, பேரரசியின் அக்கா கணவர். அவர் மகன் வடக்குப் படையின் பணத்தில் 1 கோடியே 90 லட்சம் காசைக் கையாடியதாக மாட்டிக்கொண்டான். அரசு தேடிவந்த ஜூ அன்ஷி என்ற முரடனைப் பிடித்துக் கொடுத்து மகனை மீட்க முயன்றார் தகப்பன். பிடிபட்ட முரடன் சிரித்துக்கொண்டே சிறையிலிருந்து ஒரு மனு எழுதினான்: தலைமை அமைச்சரின் மகனுக்குப் பேரரசரின் மகளோடு தொடர்பு, பேரரசர் போகும் வழியில் பொம்மைகளைப் புதைத்துச் சூனியம் வைத்திருக்கிறான். கி.மு. 91 தொடக்கத்தில் தகப்பனும் மகனும் சிறையில் செத்தார்கள். பேரரசியின் இரண்டு மகள்களும் வெய் சிங்கின் மகனும் கொல்லப்பட்டார்கள். சில மாதங்களில் வெய் குடும்பத்தின் பாதுகாப்பு வளையம் முழுதும் உதிர்ந்துபோனது.

பேரரசருக்கு 65 வயது, உடல் சரியில்லை. தலைநகருக்கு வடமேற்கே மலைப்பகுதியில் இருந்த கான்சுவான் கோடை அரண்மனைக்குப் போய்விட்டார். நோய்க்குக் காரணம் சூனியம்தான் என்று சொல்லி விசாரணைப் பொறுப்பை வாங்கிக்கொண்டார் ஜியாங் சோங். வேற்றின மாந்திரீகர்களைக் கூட்டிக்கொண்டு, மண்ணைத் தோண்டி மரப்பொம்மை தேடினார். சூனியத்தின் தடயமாகத் தெரியும்படி சில இடங்களில் முன்கூட்டியே மண்ணைக் கறைப்படுத்தி வைத்தார்கள். பிடிபட்டவர்களைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டார்கள். வலி தாங்காமல் ஒருவர் இன்னொருவரைக் காட்டிக்கொடுக்க, இறந்தவர்கள் பல்லாயிரம் என்கிறது ஹான்ஷு. பிறகு தோண்டல் அரண்மனைக்குள் வந்தது. பேரரசியின் அறையிலும் இளவரசரின் அறையிலும் கட்டில் போட இடமில்லாத அளவுக்குத் தரையைப் பெயர்த்தார்கள். இளவரசரின் மாளிகையில் பௌலோனியா மரத்தில் செதுக்கிய பொம்மை கிடைத்தது என்றார்கள்.

இளவரசர் தன் ஆசிரியர் ஷி தெவிடம் யோசனை கேட்டார். ஆசிரியருக்கும் பயம்தான், மாணவர் வீழ்ந்தால் அவரும் போவார். பேரரசர் மலையில் நோயில் கிடக்கிறார், நாம் அனுப்பும் விசாரிப்புகளுக்குப் பதில் வருவதில்லை, உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாது என்று சொல்லிவிட்டு, ஃபூசூவின் கதி மறந்துபோயிற்றா என்று கேட்டார்.

119 ஆண்டுகளுக்கு முந்தைய கதை அது, ஆனால் அவையில் எல்லோருக்கும் தெரியும். சீனத்தை முதன்முதலில் ஒருகுடைக்கீழ் கொண்டுவந்த ச்சின் ஷி ஹுவாங்கின் மூத்த மகன் ஃபூசூ. அறிஞர்களைக் கொன்றதைத் தந்தையிடம் தட்டிக்கேட்டதால் வடக்கு எல்லைக்கு, தளபதி மெங் தியானிடம் அனுப்பப்பட்டவர். கி.மு. 210இல் பயணம் போயிருந்த தந்தை வழியிலேயே இறந்தார். அண்ணகர் ஜாவ் கவ்வும் அமைச்சர் லி ஸியும் சாவை மறைத்தார்கள். பிண நாற்றம் தெரியாமலிருக்க வண்டிகளில் கருவாட்டை ஏற்றினார்கள். தற்கொலை செய்துகொள்ளச் சொல்லித் தந்தையின் பேரில் ஒரு பொய்யாணை ஃபூசூவுக்குப் போனது. மெங் தியான் கையில் மூன்று லட்சம் வீரர்கள். ஆணை உண்மையா என்று ஒருமுறை கேட்டுவிட்டுச் சாகலாமே என்று அவர் தடுத்தார். தந்தை சாகச் சொன்னபின் கேள்வி என்ன என்று ஃபூசூ வாளை எடுத்துக்கொண்டார்.

ஃபூசூ கீழ்ப்படிந்து செத்தார். லியூ ஜூ கீழ்ப்படிய மறுத்தார்.

கி.மு. 91, ஏழாம் மாதம். இளவரசரின் ஆட்கள் அரச தூதர்கள்போல வேடமிட்டுப் போய் ஜியாங் சோங்கைப் பிடித்தார்கள். சந்தேகப்பட்ட இன்னொரு விசாரணை அதிகாரி அங்கேயே வெட்டப்பட்டார். ஜியாங் சோங்கின் தலை வெட்டப்படுவதை இளவரசர் நேரில் நின்று பார்த்தார். மாந்திரீகர்களைத் தீயிலிட்டார். தாயிடம் சொல்லி அனுப்பி, அரண்மனைத் தேர்களையும் ஆயுதக்கிடங்கையும் திறந்துவிட்டார். அண்ணகர் சூ வென் மலைக்கு ஓடினார்.

மலையில் சேதியைக் கேட்ட பேரரசர் முதலில் சொன்னது நம்மை வியக்க வைக்கிறது. பையன் பயந்துவிட்டான், ஜியாங் சோங் மேல் ஆத்திரம் வேறு, அதனால்தான் இப்படி என்றார். சரியாகக் கணித்திருந்தார். மகனை அழைத்துவர ஒரு தூதனை அனுப்பினார். அந்தத் தூதன் நகரத்துக்குள் நுழையப் பயந்து, பாதி வழியில் திரும்பிவந்து, இளவரசர் கலகம் செய்கிறார், என்னைக் கொல்லப் பார்த்தார், தப்பி வந்தேன் என்று சொன்னான். பெயர்கூடப் பதிவாகாத ஒரு கோழை. மகனைப் பற்றித் தந்தைக்கு இருந்த கடைசி நல்லெண்ணம் அந்தப் பொய்யோடு முடிந்தது. இருவரும் நேரில் பார்த்துப் பேச நேர்ந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

பேரரசர் மலையிலிருந்து இறங்கி நகரின் மேற்குப் புறத்து அரண்மனைக்கு வந்தார். மாட்டு வண்டிகளை அரணாக நிறுத்துங்கள், கைகலப்பில் ஆட்களை வீணாகக் கொல்ல வேண்டாம், நகர வாயில்களை மூடுங்கள் என்று ஆணையிட்டார். இளவரசர் சிறைகளைத் திறந்துவிட்டார். சந்தைகளில் கிடைத்த மக்களைப் படையாகத் திரட்டினார். ஆணைக்கு அடையாளமாகத் தூதர்கள் ஏந்தும் கோலில் அதுவரை சிவப்புக் குஞ்சம். இளவரசரிடமும் அதே கோல் இருந்ததால், பேரரசர் தன் பக்கத்துக் கோல்களில் மஞ்சள் குஞ்சத்தைச் சேர்க்கச் சொன்னார். ஒரே அரசின் இரண்டு ஆணைகள் தலைநகரில் சுற்றிய அந்த நாட்களில், எது அசல் என்று குஞ்சத்தின் நிறம்தான் சொன்னது.

வடக்குப் படையின் பொறுப்பாளர் ரென் ஆன், இளவரசர் நீட்டிய கோலை வணங்கி வாங்கிக்கொண்டார். உள்ளே போய்ப் படைமுகாமின் கதவைச் சாத்திக்கொண்டார். யார் ஜெயிக்கிறார் என்று பார்ப்போம் என்ற கணக்கு. பின்னாளில் பேரரசர் அதைப் புரிந்துகொண்டு அவரை வெட்டிக் கொன்றார். வரலாற்றாசிரியர் ஸுமா சியான் தன் அவமானத்தையும் நூலை முடிக்கும் வைராக்கியத்தையும் கொட்டி எழுதிய புகழ்பெற்ற கடிதம் இந்த ரென் ஆனுக்குத்தான். எழுதப்பட்ட ஆண்டு பற்றி மட்டும் கருத்து வேறுபாடு உண்டு.

ஐந்து நாள் சண்டை. செத்தவர்கள் பல்லாயிரம். இளவரசர் கலகம் செய்கிறார் என்ற பேச்சுப் பரவப் பரவ மக்கள் அவரை விட்டு விலகினார்கள். தோற்றவர் தெற்குப் பக்க வாயில் ஒன்றின் வழியே தப்பினார். காவல் பொறுப்பில் இருந்த தியான் ரென், தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான விவகாரத்தில் கடுமை காட்ட மனமில்லாமல் விட்டுவிட்டார். அதற்கு அவர் உயிரைக் கொடுத்தார். பேரரசியின் முத்திரையைப் பறிக்க ஆள் வந்தபோது வெய் ஸிஃபூ தற்கொலை செய்துகொண்டாள். பாட்டுக்காரியாக வந்தவள் 37 ஆண்டுகள் பேரரசியாக இருந்து முடிந்த கதை அது.

இளவரசர் கிழக்கே ஹூ என்ற ஊரில், இன்றைய ஹெனான் மாகாணத்தின் லிங்பாவோ பகுதியில், ஒரு ஏழை வீட்டில் ஒளிந்தார். வீட்டுக்காரர் செருப்பு விற்றுத் தன் விருந்தாளிக்குச் சோறு போட்டார். இளவரசருக்கு மனம் கேட்கவில்லை. அந்த ஊரில் தனக்குத் தெரிந்த பணக்காரர் ஒருவர் இருப்பது நினைவுக்கு வந்து ஆள் அனுப்பினார். அதில் இடம் தெரிந்துபோனது. எட்டாம் மாதம் காவலர்கள் வீட்டைச் சூழ்ந்ததும், அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தூக்கு மாட்டிக்கொண்டார். ஜாங் ஃபூசாங் என்ற வீரன் கதவை உதைத்துத் திறந்தான். லி ஷோ என்ற எழுத்தர் ஓடிப்போய் உடலைத் தாங்கிக் கீழே இறக்கினார். செருப்பு விற்றவர் சண்டையிட்டுச் செத்தார். உடனிருந்த இளவரசரின் இரண்டு மகன்களும் கொல்லப்பட்டார்கள். கதவை உதைத்தவனுக்கும் உடலை இறக்கியவருக்கும் பிரபுப் பட்டம் கிடைத்தது. மஞ்சள் வண்டியில் வந்த குறிசொல்லியின் சொந்த ஊர் வேறு. அவர் குடியிருந்தது இந்த ஹூவில்தான்.

அடுத்த ஆண்டே காற்றுத் திசைமாறியது. இளவரசரை எதிர்த்துப் படை நடத்திய தலைமை அமைச்சர் லியூ சூமாவ், தன் சம்பந்தி தளபதி லி குவாங்லியோடு சேர்ந்து வேறொரு இளவரசரைப் பட்டத்துக்குக் கொண்டுவர முயன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டார். லி குவாங்லி ஷியோங்னுவிடம் சரணடைந்தார். இதை வைத்துத்தான் பிரிட்டிஷ் சீனவியலாளர் மைக்கேல் லோவி, சூனிய வழக்கு உண்மையில் வெய் குடும்பத்துக்கும் லி குடும்பத்துக்கும் இடையே நடந்த அதிகாரப் போட்டி என்று வாதிட்டார். பழைய பெருங்குடும்பங்கள் இப்படி அழிந்துபோனதால்தான் கன்பூசியப் படிப்பாளிகளுக்கு அரசில் இடம் கிடைத்தது என்று லியாங் சாய் 2014இல் வெளிவந்த நூலில் எழுதினார். பீக்கிங் பல்கலைக்கழகத்தின் ஷின் தெயோங் இன்னும் ஒருபடி மேலே போய், இளவரசர் உண்மையிலேயே சூனியம் வைத்திருக்கக்கூடும் என்கிறார். பொம்மையைப் புதைத்தது யார் என்பதை இனி யாரும் நிரூபிக்கப் போவதில்லை. ஆனால் 31 ஆண்டு காத்திருந்த ஒருவருக்கு அதற்கான காரணம் இருந்தது என்று எதிரிகளாலும் ஆய்வாளர்களாலும் இவ்வளவு எளிதாகச் சொல்ல முடிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தச் சமயத்தில், வம்ச நிறுவனரின் கோயிலைக் காத்துவந்த தியான் சியான்சியூ ஒரு மனு போட்டார். தந்தையின் படையை எடுத்து மகன் விளையாடினால் அதற்குச் சவுக்கடிதான் தண்டனை என்பது அதன் சாரம். வெள்ளைத் தலைக் கிழவர் ஒருவர் கனவில் வந்து இப்படிச் சொல்லச் சொன்னார் என்றும் எழுதியிருந்தார். சாமர்த்தியமான மனு: பேரரசர் தவறு செய்தார் என்று எங்குமே இல்லை. வூ நெகிழ்ந்துபோனார். சில மாதங்களில் அந்தக் கோயில் காவலர் தலைமை அமைச்சரே ஆகிவிட்டார். ஜியாங் சோங்கின் குடும்பம் வேரோடு அழிக்கப்பட்டது. சூ வென் பாலத்தின் மேல் எரிக்கப்பட்டார். ஹூவில் மகனை நினைத்து ஒரு மாளிகையையும், அவன் திரும்பி வரும் வழியைப் பார்த்திருக்க ஒரு மேடையையும் கட்டினார் பேரரசர். அதிலும் ஒரு முரண்: மகனின் சாவுக்கு வருந்தியவர், வாழ்நாள் முடியும்வரை அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்துப் பட்டத்தைத் திருப்பித் தரவேயில்லை. கி.மு. 87இல் அவர் இறந்தபோது அரியணை ஏறியது 'யாவ்வின் தாய்' பெற்ற சிறுவன்.

லியூ ஜூவின் வாரிசு ஒருவர் மிஞ்சியிருந்தார். பிறந்து சில மாதமே ஆன குழந்தை. பேரரசருக்குக் கொள்ளுப்பேரன், லியூ ஜூவுக்குப் பேரன். கைக்குழந்தையையும் சிறையில் போட்டிருந்தார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரி பிங் ஜி, கைதிப் பெண்களில் நல்லவர்களாகப் பார்த்துப் பால் கொடுக்க வைத்தார். கி.மு. 87இல், தலைநகர்ச் சிறைகளிலிருந்து அரச ஒளி கிளம்புகிறது என்று சோதிடர்கள் சொல்ல, கைதிகள் அனைவரையும் கொல்லும்படி ஆணை வந்தது. இரவில் ஆணையோடு வந்த தூதரைப் பிங் ஜி உள்ளே விடவில்லை. குற்றமற்ற யாரையும் கொல்லக் கூடாது, இங்கே இருப்பதோ பேரரசரின் சொந்தக் கொள்ளுப்பேரன் என்று சொல்லி விடியும்வரை கதவைச் சாத்தி வைத்திருந்தார். தூதர் திரும்பிப்போய்ப் புகார் சொன்னபோது, வூ பொதுமன்னிப்பு அறிவித்தார். இந்த வரலாற்றில் ஆணையை மறுத்துப் பிழைத்த மனிதர் அநேகமாக இவர் ஒருவர்தான்.

அந்தப் பையன் தெருக்களில் சேவல் சண்டை பார்த்து, சிறை ஊழியர் ஒருவரின் மகளைக் கட்டிக்கொண்டு வளர்ந்தான். கி.மு. 74இல் அரியணை காலியானது. முதலில் கொண்டுவந்த இளவரசரை 27 நாளில் இறக்கிவிட்ட, ஆட்சியைத் தன் கையில் வைத்திருந்த ஹுவோ குவாங், இந்தப் பதினேழு வயதுப் பையனைத் தேடிப்பிடித்து ஷுவான் பேரரசராக்கினார். தாத்தாவுக்கு முறையாகக் கல்லறை எழுப்பிக் காவலுக்குக் குடிகளை வைத்தார் ஷுவான். ஆனால் தான் சட்டப்படி வேறு வழி வாரிசாகத்தான் அரியணைக்கு வந்திருந்தார் என்பதால், தாத்தாவுக்குப் பேரரசர் பட்டம் கொடுக்க அவையில் இடமிருக்கவில்லை. சூட்டிய மறைவுப் பெயரிலும் குற்றத்தின் சாயல் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவரால் செய்ய முடிந்த வேறொன்று இருந்தது. தாத்தா குலியாங் உரையை விரும்பிப் படித்தார் என்று கேள்விப்பட்ட ஷுவான், அந்த உரையில் தேர்ந்தவர்களைத் தேடிப் பிடித்து, மாணவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் பாடம் சொல்ல வைத்தார். கி.மு. 51இல் ஷிசூ மாளிகையில் அறிஞர்களைக் கூட்டிப் பெரிய விவாதம் நடத்தினார். முடிவு சொல்லும் இடத்தில் தானே இருந்தார். கோங்யாங் தரப்பு பின்தங்கியது. குலியாங் உரைக்கு அரசுக் கல்விக்கழகத்தில் தனிப் பேராசிரியர் பதவி ஏற்பட்டது.